ஐப்பசி முதல் மாசி வரை: அறிக்கையையும் மேகத்தையும் சேர்த்துப் படித்து உங்கள் தெரு மழையைக் கணிக்கும் முறை

கடலூருக்குத் தெற்கே, கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. ஐப்பசி பிறந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் மொட்டை மாடிப் பக்கம் அண்ணாந்து, "இன்றைக்கு மழை உண்டா அண்ணே?" என்று கேட்பது வழக்கம். பதில் சொல்லி அலுத்துப்போய், சிலருக்குப் பார்க்கவே கற்றுக்கொடுத்தேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். முதலில் வானத்தைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள்; பிறகு அந்தப் பயத்துக்குத் தோதான வரியை வானிலை அறிக்கையில் தேடுவார்கள். வரிசை தலைகீழ். அறிக்கை மாவட்டத்துக்கு, மேகம் தெருவுக்கு. பெரியதைப் பார்த்துவிட்டுத்தான் சிறியதற்கு வர வேண்டும்.

கீழே உள்ளது கடலோரத் தமிழகத்துக்கான முறை. உள்மாவட்டங்களுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

கிழக்கும் வடகிழக்கும் மறையாமல் தெரியும் ஓர் இடம் வேண்டும். மாடியாக இருந்தால் நல்லது. தினமும் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். காரணம் 6ஆம் படியில் வரும்.

திசையை உத்தேசமாக வைத்துக்கொள்ளாதீர்கள். "தெரு கிழக்கு மேற்காகப் போகிறது" என்று நம்பியவர்கள் பலரின் தெரு உண்மையில் முப்பது பாகை சாய்ந்திருந்தது. செல்பேசியில் உள்ள திசைகாட்டியை ஒருமுறை பார்த்து, கைப்பிடிச் சுவரில் எட்டுத் திசைக்கும் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். எந்தத் திசையில் நீர்த்தொட்டி, எதில் செல்பேசிக் கோபுரம், எதில் ஒற்றைத் தென்னை என்று மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

மழையை அளக்க, அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள கண்ணாடிப் பாத்திரமும் ஓர் அளவுகோலும் போதும். வாளி வைக்கக் கூடாது. வாளியின் வாய் அகலம், அடி குறுகல். அகன்ற வாயில் விழுந்த நீர் குறுகிய அடியில் தேங்குவதால் மட்டம் உயர்ந்து, 4 சென்டிமீட்டர் மழை 6 போலத் தெரியும். பாத்திரத்தை மரத்தடியிலும் சுவர் ஓரத்திலும் வைக்காதீர்கள்.

ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். செல்பேசியில் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மௌசம் செயலியும், இடிமின்னலுக்குத் தாமினி செயலியும் இருக்கட்டும்.

2. எந்தப் பருவம் என்று முடிவு செய்யுங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி, பிப்ரவரியைத்தான் வானிலை ஆய்வு மையம் குளிர்காலம் என்று கணக்கிடுகிறது. ஒரே மேகத்துக்கு இந்த இரண்டு காலத்திலும் ஒரே பொருள் இல்லை. கார்த்திகையில் கிழக்கே திரளும் மேகம் அரை மணியில் மழையாகலாம். மாசியில் அதே மேகம் பத்து மணி வெயிலில் கரைந்துபோகும்.

நேரமும் மாறும். கோடை மழை மாலையில், மேற்கிலிருந்து, இடியுடன் வரும். அந்தப் பழக்கத்தில் நவம்பரிலும் மாலை நேரத்தில் மேற்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பருவமழையில் கடலோரத்துக்கு நள்ளிரவு முதல் காலை வரைதான் மழை அதிகம். இரவில் நிலம் குளிர்கிறது, கடல் சூடு குறையாமல் இருக்கிறது. நிலத்திலிருந்து போகும் மெல்லிய காற்று கடலிலிருந்து வரும் வாடையோடு கரைக்கு அருகே மோதி, ஈரக்காற்றை மேலே தள்ளுகிறது. ஆகவே பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை, பார்க்க வேண்டிய திசை கிழக்கு.

3. அறிக்கையைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. இப்படி ஒரு வாக்கியம் வந்ததாக வைத்துக்கொள்வோம்: கடலோர மாவட்டங்களில் பெரும்பாலான இடங்களிலும், உள்மாவட்டங்களில் ஓரிரு இடங்களிலும் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும், கடலூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு.

இதில் அலங்காரச் சொல் எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. "ஓரிரு இடங்கள்" என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது. "ஒருசில இடங்கள்" என்றால் கால் முதல் அரைப் பங்கு. "அநேக இடங்கள்" அரை முதல் முக்கால். "பெரும்பாலான இடங்கள்" முக்காலுக்கு மேல்.

மழையின் அளவுச் சொற்களும் அப்படியே. 24 மணி நேரத்தில் 15.5 மில்லிமீட்டர் வரை லேசான மழை, 64.4 வரை மிதமான மழை. அதற்கு மேல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. செய்திகளில் இவை 7, 12, 21 சென்டிமீட்டர் என்ற எல்லைகளாக வரும்.

இப்போது அந்த வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். கடலூரில் இருப்பவருக்கு ஏதோ ஒரு மழை ஏறக்குறைய நிச்சயம். கனமழை அவருடைய தெருவிலேயே கொட்டுவதற்கு வாய்ப்பு குறைவு. ஆனால் "கனமழை" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு விடுமுறை உண்டா என்று கேட்பார்கள். மறுநாள் தங்கள் தெரு நனையவில்லை என்றால் அறிக்கை பொய் என்பார்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு நிலையத்தில் 9 சென்டிமீட்டர் பதிவாகியிருந்தாலே அந்த அறிக்கை பலித்துவிட்டது.

ஒரே ஊருக்குள் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் 2015 டிசம்பர் 2 காலைப் பதிவை நினைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்தில் 29. இரண்டும் ஒரே மின்சார ரயில் பாதையில் இருக்கும் இடங்கள்.

அடுத்தது தேதிக் குழப்பம். மழை அளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்பட்டு, முடியும் நாளின் பெயரில் பதிவாகும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கொட்டிய மழை புதன்கிழமைக் கணக்கில்தான் வரும். இது தெரியாமல், "நேற்று அத்தனை பெய்தது, பதிவில் ஒன்றுமே இல்லையே" என்று என்னிடம் வாதாடியவர் உண்டு.

வண்ண எச்சரிக்கையை மழை அளவின் மறுபெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். பாதிப்பு எவ்வளவு இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் நிறம் தீர்மானிக்கப்படுகிறது.

4. சுழற்சி எங்கே இருக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது

வங்கக் கடலில் ஏதாவது உருவானால் எல்லோரும் அதன் பெயரைத்தான் கேட்கிறார்கள். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற வரிசை காற்றின் வேகத்தை வைத்துப் போடப்பட்டது. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். மழைக்கும் இந்தப் பட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 2023 டிசம்பர் 18 காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது கடலில் புயல் எதுவும் இல்லை. குமரிக் கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி இருந்தது, அவ்வளவுதான்.

கரையைக் கடக்கும் இடத்தையும் மழை பெய்யும் இடத்தையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு பிழை. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா அருகேதான் கரையேறியது. மிதந்தது சென்னை.

சுழற்சி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே அறிய ஒரு வழி உண்டு. காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். நம் வட அரைக்கோளத்தில் தாழ்வு, அதாவது அந்தச் சுழற்சியின் நடுப்பகுதி, உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். வாடையும் கொண்டலுமாக வடகிழக்கிலிருந்து வீசினால், முதுகு காட்டி நிற்கும்போது இடது கை தென்கிழக்கைக் காட்டும்: தாழ்வு இன்னும் தென்கிழக்கில் இருக்கிறது, ஈரக்காற்று கடலிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. காற்று வடமேற்குக்குத் திரும்பினால் தாழ்வு உங்களைத் தாண்டி வடக்கே நகர்கிறது. நிலத்திலிருந்து வரும் காற்றில் ஈரம் குறைவு, மழை விட்டுவிட வாய்ப்பு அதிகம். தெருச் சந்தில் நின்று இதைச் செய்தால் சுவர்கள் காற்றைத் திருப்பிவிட்டுத் தவறான விடை தரும். மாடியில், கொடியில் காயும் துணியைப் பாருங்கள்.

உள்மாவட்டத்தார் கவனிக்க வேண்டியது: வெறும் கிழக்குக் காற்று கொண்டுவரும் தூறல்கள் பெரும்பாலும் கரையோரத்திலேயே தீர்ந்துவிடும். சேலம், திருச்சிப் பக்கம் நல்ல மழைக்குச் சுழற்சியே கரையேறி மேற்கே நகர வேண்டும்.

5. இப்போது மேகத்தைப் பாருங்கள்: உயரம், பரப்பு, விளிம்பு

பத்து வகை மேகத்தின் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டு மாடிக்கு வருகிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். பெயர் கடைசியில் வரட்டும். முதல் கேள்வி, மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? தலைக்கு மேலே சிறு சிறு துண்டுகளாக இருந்தால் கையை முழுதும் நீட்டி அளங்கள். ஒரு துண்டு சுண்டு விரல் அகலத்துக்குள் மறைந்தால் அது மிக உயரத்தில் உள்ள கீற்றுத்திரள். மூன்று விரலுக்குள் மறைந்தால் நடு உயரத்து இடைப்பட்ட திரள். அதையும் மீறினால் தாழ்ந்த படைத்திரள். அடிவானத்துக்கு அருகில் இந்த அளவை செல்லாது. தூரத்தில் எல்லாமே சிறிதாகத் தெரியும்.

வானம் முழுதும் திரை போட்டதுபோல் இருந்தால் தரையைப் பாருங்கள். வெளுத்த வானத்தில் சூரியன் தெரிந்து, உங்கள் நிழலும் தரையில் விழுந்தால் அது கீற்றுப்படை. சூரியன் தேய்த்த கண்ணாடிக்குப் பின்னால் உள்ள விளக்குபோல் மங்கி, நிழல் விழாமல் போனால் இடைப்பட்ட படை. சூரியன் இருக்கும் இடமே தெரியாமல், கீழே கந்தல் கந்தலாகச் சிறு மேகங்கள் வேகமாக ஓடினால் அது கார்படை. அடைமழை தருவது இதுதான். ஒரே நாளில் இந்த மூன்றும் இதே வரிசையில் வந்து, தென்கிழக்கில் தாழ்வு இருப்பதாக அறிக்கையும் சொன்னால், கொடியில் கிடப்பதை எடுத்துவிடலாம்.

கீற்றுப்படையின் பனித்துகள்களில் நிலவொளி திசை விலகித்தான் நிலவைச் சுற்றி வட்டம் தெரிகிறது. "அகல வட்டம் பகல் மழை" என்று ஊரில் சொல்வதில் "அகல" என்ற சொல்லைக் கவனியுங்கள். நீட்டிய கையில் விரித்த ஒரு சாண் அளவு ஆரம் அந்த வட்டத்துக்கு இருக்கும். நிலவை ஒட்டியே தெரியும் சிறு வண்ண வளையம் வேறு. மெல்லிய நீர்த்துளி மேகம் அதை உண்டாக்குகிறது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. என் நோட்டுப்படி, கடலில் தாழ்வு இருக்கும்போது அந்தப் பழமொழி நன்றாகவே பலிக்கிறது. தை மாதத்தில் பெரும்பாலும் ஏமாற்றுகிறது.

தனித்தனிக் குவியலாக நிற்கும் திரள் மேகத்தில் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடுங்கள். அகலம் அதிகமானால் ஆபத்தில்லை. உயரம் அதிகமாகி, உச்சி காலிஃபிளவர்போல் பொங்கிக்கொண்டிருந்தால் மழைக்குத் தயாராகிறது. அந்தக் கூரிய விளிம்பு மழுங்கி, பஞ்சை இழுத்ததுபோல் நாராகப் பரவினால் உச்சி பனியாகிவிட்டது என்று பொருள். இனி அது கார்திரள்: இடி, மின்னல், திடீர்க் காற்று. கொல்லன் பட்டடைக்கல்போல் தட்டையான தலை தெரிந்ததும் மாடியை விட்டு இறங்குங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர்தான் தூரம்.

நவம்பர், டிசம்பர் கடலோர மழை பலவும் இடியே இல்லாமல், அவ்வளவு உயரமில்லாத மேகங்களிலிருந்து விழுகிறது. "மேகம் பெரிதாகவே இல்லை, எப்படிப் பெய்கிறது?" என்று திகைப்பார்கள். கடல் ஈரம் நிறைந்த காற்றில் தாழ்ந்த திரள் மேகமே போதும். பத்து நிமிடம் அடித்துவிட்டுப் போகும், அரை மணியில் அடுத்தது வரும்.

கறுப்பை நம்பாதீர்கள். ஒரு மேகம் கறுத்துத் தெரிவது அதன் தடிப்பால் மட்டுமன்று, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதாலும்தான். மாலைச் சூரியனுக்கு முன்னால் நிற்கும் மெல்லிய படைத்திரள்கூடக் கரியாக இருக்கும். காலையில் கிழக்கு வெளிச்சம் முழுதும் விழும் மேற்கு வானத்தில் பெருமழை மேகமும் வெண்ணெய்போல் இருக்கும். நிறத்துக்குப் பதில் அடிப்பாகத்தைப் பாருங்கள். மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் திரை இறங்கி அடிவானத்தை மறைத்தால் மழைக்கால் இறங்கிவிட்டது. திரை நடுவானிலேயே நின்றுபோனால் துளிகள் வழியிலேயே ஆவியாகின்றன.

6. நம்மை நோக்கி வருகிறதா?

மழைக்கால் தெரிந்தால், 1ஆம் படியில் சொன்ன இடத்தில் போய் நில்லுங்கள். மழைத் திரையை ஒரு நிலையான பொருளோடு பொருத்திப் பாருங்கள். என் வீட்டில் அது நீர்த்தொட்டி. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். திரை தொட்டிக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்திருந்தால் அது உங்களைத் தாண்டிப் போகும். நகராமல் அங்கேயே நின்று அகலமாகிக்கொண்டே வந்தால் உங்களிடம்தான் வருகிறது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருமுறை, "அசையவே இல்லை அண்ணே, அங்கேயே நிற்கிறது" என்று நிம்மதியாகச் சொன்னான். அவன் பேசி முடித்துச் சில நிமிடங்களில் இருவரும் நனைந்தோம். அசையாத மழை நேராக வரும் மழை.

அடிமேகம் போகும் திசையையும் மேல்மேகம் போகும் திசையையும் கலந்துவிடாதீர்கள். இரண்டும் எதிரெதிராகக்கூடப் போகும். தூறலைக் கொண்டுவருவது அடிமேகம்.

7. படமும் ராடாரும்

வானத்தைப் பார்த்தபின் படத்துக்கு வாருங்கள், முன்னால் வேண்டாம். இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் முதலில் நேரத்தைப் பாருங்கள். உலகப் பொது நேரம் போட்டிருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும், 03.00 என்றால் நமக்குக் காலை 8.30. பழைய படத்தைப் புதியதென்று நினைத்து ஏமாறுவது இதனால்தான்.

அகச்சிவப்புப் படத்தில் வெண்மை என்றால் மேகத்தின் உச்சி குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உயரத்தில் உள்ள வெறும் கீற்றும் வெண்மையாகத் தெரியும்; மேலே சொன்ன தாழ்ந்த மழை மேகம் மங்கிய சாம்பலாகவே இருக்கும். ஆகவே படத்தில் வெண்மை இல்லை என்று குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கடலோரத்துக்கு ராடார்தான் கைகொடுக்கும். எங்களுக்குக் காரைக்கால், சென்னை இரண்டும் பயன்படுகின்றன. ஒரே படத்தைப் பார்க்காமல் அடுத்தடுத்த படங்களைப் பாருங்கள். அரை மணியில் ஒரு மழைத்திட்டு 20 கிலோமீட்டர் நகர்ந்தால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். 30 கிலோமீட்டர் தள்ளி இருப்பது முக்கால் மணியில் வரும். வழியில் கரைந்துபோகலாம், புதிதாக ஒன்று முளைக்கலாம் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்தக் கணக்கை நீட்டாதீர்கள். தூரம் கூடக்கூட ராடாரின் அலை தரையிலிருந்து உயர்ந்துகொண்டே போகும். நூறு கிலோமீட்டரில் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தை எட்டிவிடும். தொலைவில் உள்ள தாழ்ந்த மழையை அது தவறவிடுவது இயல்பு.

8. தையும் மாசியும்: மேகம் இல்லாத இரவுகள்

ஜனவரி பிறந்தபின் கேள்வி மாறுகிறது. அறிக்கையில் "வறண்ட வானிலை" என்றும், "அதிகாலையில் லேசான பனிமூட்டம்" என்றும் வரும். இப்போது மேகம் இல்லாததைத்தான் கவனிக்க வேண்டும். மேகம் போர்வைபோல் தரைச் சூட்டைத் தடுத்து வைக்கிறது. வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவில் அந்தச் சூடு வெளியேறி, தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து பனியாகிறது. முந்தைய நாள் மழை பெய்து, இரவு எட்டு மணிக்கு நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால் விடியற்காலைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நள்ளிரவில் மேகம் மூடினாலோ காற்று எழுந்தாலோ பனி குறையும்.

என் மைத்துனர் ஒரு தை மாதம் சம்பா நெல்லைச் சாலையோரம் பரப்பிவிட்டு, "வறண்ட வானிலை என்று போட்டிருக்கிறான், தார்ப்பாய் எதற்கு?" என்றார். விடிந்தபோது மேல் நெல் நீர் தெளித்ததுபோல் நனைந்திருந்தது. மழை பெய்ததாகவே அவர் நினைத்தார். என் மழைமானியில் ஒரு சொட்டு இல்லை. வறண்ட வானிலை என்றால் மழை இல்லை என்று மட்டுமே பொருள். இரவில் மூடி, காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பனி விலகியபின் திறந்தால் நெல் காயும்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு ஒன்று. அறிக்கையில் வரும் குறைந்தபட்ச வெப்பநிலை, நிழற்பெட்டிக்குள் ஆள் நெஞ்சு உயரத்தில் அளந்தது. புல் தரை அதைவிடச் சில பாகை குளிர்ந்திருக்கும். 3 பாகை என்று அறிவித்த காலையில் தேயிலைச் செடி உறைபனியால் கருகியிருப்பதில் முரண்பாடு இல்லை.

9. எழுதி வைத்து மறுநாள் சரிபாருங்கள்

இரவு ஒன்பது மணிக்குள் நோட்டில் நான்கு செய்திகளை எழுதுங்கள்: அறிக்கையின் சொற்கள் மாறாமல், காற்றின் திசை, மேகத்தின் வகை, உங்கள் கணிப்பு. கணிப்பு "மழை வரலாம்" என்று இருக்கக் கூடாது. "நாளை காலை 8.30க்குள் 1 சென்டிமீட்டருக்கு மேல், ஆம்" என்று, தப்பினால் தப்பு என்று தெரியும்படி இருக்க வேண்டும். விடிந்தபின் திருத்தாதீர்கள்; பென்சிலில் எழுதினால் கை தானாகத் திருத்தும். அதனால்தான் பேனா.

காலை 8.30க்குப் பாத்திரத்தை அளந்து பக்கத்திலேயே எழுதிவிட்டு, நீரைக் கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். கொட்ட மறந்தால் மறுநாள் கணக்கில் இன்றைய மழையும் சேர்ந்துகொள்ளும். கற்றுக்கொண்ட எல்லோரும் முதல் வாரத்தில் ஒருமுறையாவது இதைச் செய்தார்கள், நானும்தான். முப்பது நாள் ஆனதும், தவறிய நாட்களுக்கு மட்டும் வட்டம் போட்டு, அந்த நாட்களில் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பாருங்கள். என் முதல் நோட்டில் வட்டம் போட்ட பதினோரு நாளில் ஏழு நாள் வடமேற்குக் காற்று. மேகம் கறுத்திருந்ததால் "ஆம்" என்று எழுதியிருந்தேன்.